கட்டிக்கு வீட்டு வைத்தியம்: மலையக வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்குளிலும் தொடையிலும் பிட்டத்திலும் கழுத்துப் பிடரியிலும் வரும் கட்டிக்கு லயத்துக்கு லயம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. சிலது உண்மையிலேயே உதவும். சிலது உதவாவிட்டாலும் கெடுதல் செய்யாது. சிலது தானாக ஆற வேண்டிய கட்டியை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோய்விடும். எது எந்த வகை, எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எப்போது பஸ் ஏற வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

கட்டி எதனால் வருகிறது? உடம்புச் சூடுதானே காரணம்?

சூடு காரணமென்றால் நுவரெலியாக் குளிரில் யாருக்கும் கட்டி வரக்கூடாது. ஆனால் அங்கேயும் வருகிறது. காரணம் ஒரு கிருமி. அதன் பெயர் ஸ்டெஃபைலோகொக்கஸ் ஓரியஸ். நல்ல சுகமாக இருக்கும் மூன்று பேரில் ஒருவருக்கு அது மூக்குக்குள்ளேயே குடியிருக்கும், எந்தத் தொந்தரவும் தராது. தோலில் சிறு கீறல் விழுந்தால், அல்லது ஓரிடம் ஓயாமல் உரசினால், அந்த வழியாக மயிர்க்காலுக்குள் இறங்கிப் பெருகும். உடம்பு அதை எதிர்த்துப் போராடியதன் மிச்சம்தான் சீழ்.

தோட்டத்து வேலையில் அந்த வழி பல இடங்களில் திறக்கிறது. இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்கு, கொழுந்துக் கூடையின் கயிறு, ஈரம் காயாத சப்பாத்து, அட்டை கடித்த இடத்தைச் சொறிவது, அக்குளில் பழைய பிளேடால் மழிப்பது, பிள்ளைகள் பேன் கடியில் தலையைச் சொறிவது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. உடுப்பு காயாமல் அரை ஈரத்திலேயே உடுத்தும் காலம் அது. பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் அந்த நிலை ஐப்பசிக்குப் பிறகு வரும். ஈரத்துணியும் உரசலும் சேர்ந்தால் கட்டிக்கு வேறெதுவும் தேவையில்லை.

ஒரு கட்டி எத்தனை நாளில் பழுத்து உடையும்?

முதல் இரண்டு மூன்று நாள் பட்டாணி அளவில் கல்லுப்போல் இருக்கும். தொட்டால் வலிக்கும், சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கும். நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் நடுப்பகுதி இளகி, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ முகம் வைக்கும். அதற்குப் பிறகு தானாக உடைந்து சீழும், நடுவிலுள்ள கெட்டியான ஆணியும் வெளியேறும். ஆணி வந்ததும் வலி சட்டென்று இறங்கிவிடும். முழுதாக ஆற இன்னும் ஒரு வாரம் ஆகலாம். முகம் வைக்காமல் உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போகும் கட்டிகளும் உண்டு. அதுவும் நல்லதுதான்.

உண்மையில் வேலை செய்கிற வீட்டு வைத்தியம் எது?

ஈரச் சூட்டு ஒத்தடம். மற்ற எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை ஒழுங்காகச் செய்தால் போதும். சூடு பட்டதும் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடும், சீழ் ஓரிடத்தில் திரளும், மேல்தோல் மெலிந்து கட்டி தன் வழியில் உடையும். பெரும்பாலான இலைக் கட்டுகள் பலன் தந்ததாகச் சொல்லப்படுவதற்கும் காரணம் அந்த இலையில் இருந்த சூடுதான்.

செய்யும் முறை இது. பழைய பருத்திச் சேலையிலோ சாரத்திலோ உள்ளங்கை அளவில் நான்கு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சாயம் போகிற துணி வேண்டாம். நைலோன் துணி தண்ணீரைப் பிடித்து வைக்காது. துண்டுகளைச் சட்டியில் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் வேகவிடுங்கள். இன்னொரு பக்கம் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதித்த தண்ணீர் ஒரு டம்ளருக்கு, ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு டம்ளர் என்ற கணக்கில் கிண்ணத்தில் கலந்தால், மலைநாட்டுக் குளிரில் 40 பாகை செல்சியஸை ஒட்டி வந்துவிடும். அரை லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போடலாம். போடாவிட்டாலும் குறையில்லை.

மணிக்கட்டின் உட்பக்கத்தில் சில துளி விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்று சுடக்கூடாது. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து கட்டியின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். குளிர் இடத்தில் துணி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். ஆறியதும் அடுத்த துண்டை மாற்றுங்கள். இப்படி ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. முடிந்ததும் அந்த இடத்தை ஒற்றித் துடைத்து உலரவிட வேண்டும். ஈரத்தோடு உடுப்பைப் போட்டால் சுற்றியுள்ள தோல் ஊறி, பக்கத்திலேயே அடுத்த கட்டி கிளம்பும்.

ஒத்தடம் பலிக்கவில்லை என்று சொல்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் செய்தது, துணி ஆறிய பிறகும் மாற்றாமல் வைத்திருந்தது, இரண்டாம் நாளே பொறுமை இழந்து பிதுக்கியது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடிய ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை செய்யலாம். சுடுதண்ணிப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோக முடிந்தால் பகல் சாப்பாட்டு நேரத்திலும் ஒன்று சேரும்.

உயரமான இடத்தில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது என்கிறார்களே?

கொதிக்கும், ஆனால் சூடு சற்றுக் குறைவு. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். துணியிலுள்ள கட்டிக் கிருமியைக் கொல்ல அது தாராளம். 10 நிமிடம் என்ற கணக்கைக் குறைக்காமல் இருந்தால் சரி.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா?

உடையாத கட்டிக்குப் பூசலாம். இரண்டுக்கும் கிருமியை ஓரளவு அடக்கும் குணம் உண்டு. ஆனால் அரைத்த விழுது மேல்தோலைத் தாண்டி ஆழத்திலுள்ள சீழ் வரை போகாது. ஆகவே இது ஒத்தடத்துக்குத் துணை, ஒத்தடத்துக்குப் பதில் அல்ல.

கடைத் தூளைவிட முழு மஞ்சளைக் கழுவி உரசி எடுப்பது நல்லது. 2020 இல் மஞ்சள் இறக்குமதி நின்றபோது மா கலந்த தூள் கடைகளில் புழங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சளைக் கொதித்து ஆறிய தண்ணீரில் குழைத்து, கட்டியைச் சுற்றிலும் மெல்லியதாகப் பூசி, அரை மணித்தியாலத்தில் கழுவிவிடுங்கள். தடிப்பாகப் பூசி இரவு முழுதும் விட்டால் காய்ந்து வெடித்து தோலை இழுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மஞ்சள் நிறத்துக்குள் சிவப்பு எவ்வளவு பரவுகிறது என்பதே தெரியாமல் போவது. பூசுமுன் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் அந்தப் பயமில்லை.

வேம்பு குளிர்ப் பிரதேசத்தில் நன்றாக வளராது. கீழ்நாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. கிடைத்தால் ஒரு கைப்பிடி இலையை ஒரு லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, அந்தத் தண்ணீரிலேயே ஒத்தடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அது நஞ்சு. வலிப்பு வரை கொண்டுபோகும்.

வெற்றிலையில் ஆமணக்கெண்ணெய் தடவி வாட்டிப் போடச் சொல்கிறார் அம்மாயி. போடலாமா?

போடலாம். பழைய முறைகளில் பயம் குறைந்தது இதுதான். எண்ணெய் பூசிய இலை சூட்டை நேரம் பிடித்து வைத்திருக்கும், தோலும் காயாது. இளம் வெற்றிலையை ஓடும் தண்ணீரில் கழுவி, கொதித்த தண்ணீரில் ஒரு தடவை முக்கி எடுத்து, பளபளப்பான பக்கத்தில் நாலைந்து சொட்டு எண்ணெய் தடவுங்கள். தணலுக்கு மேலே பிடித்து இலை துவளும்வரை வாட்டுங்கள். நேரே எடுத்து ஒட்டாமல் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சூடான எண்ணெய் தண்ணீரைவிட மோசமாகச் சுடும். பிள்ளைகளின் தோலில் இந்த வைத்தியத்தால் வரும் கொப்புளங்கள் பெரும்பாலும் கட்டியால் வந்தவையல்ல, சூட்டுக் காயங்கள்.

20 நிமிடம் போதும். ஒரே இலையை மறுபடி வாட்டிப் போடக்கூடாது. கட்டி உடைந்த பிறகு இலையும் எண்ணெயும் வேண்டாம்.

வாட்டிய வெங்காயம், பூண்டு, சுண்ணாம்பும் கருப்பட்டியும், சவர்க்காரமும் சீனியும்?

வெங்காயத்தைச் சுட்டு, நசுக்கி, துணியில் பொதிந்து ஒத்தடமாக வைத்தால் கெடுதலில்லை. அங்கேயும் சூடுதான் வேலை செய்கிறது. வெறும் தோலில் நேரே வைத்துக் கட்டினால் சிலருக்கு எரிந்து சிவக்கும்.

பச்சைப் பூண்டு வேண்டாம். நசுக்கிய பூண்டைச் சில மணித்தியாலம் கட்டி வைத்தாலே தோல் வெந்து கொப்புளித்துவிடும். கட்டியோடு ஒரு தீப்புண்ணும் சேரும்.

சுண்ணாம்பையும் கித்துள் கருப்பட்டியையும் குழைத்துப் போடுவது பலரும் நம்புகிற வைத்தியம். அது கட்டியை உடைப்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பின் காரம் தோலை அரித்து ஓட்டை போடுவதால் உடைகிறது. பழுக்காத கட்டியைக் கூட அப்படி உடைத்துவிடும். ஆணி உள்ளேயே நிற்க, மேலே புண்ணாகி, பிறகு தழும்பு பெரிதாக விழும். இதைச் செய்யவே வேண்டாம்.

சவர்க்காரமும் சீனியும் அவ்வளவு கொடுமையானதல்ல. சீனி ஈரத்தை இழுக்கும், அதனால் கட்டி சற்று இளகலாம். ஆனால் துணி துவைக்கும் சவர்க்காரத்தை ஒரு நாள் முழுதும் கட்டி வைத்தால் தோல் வெளுத்து உரியும். ஒத்தடம் இருக்கும்போது இதற்கு அவசியமில்லை.

தேயிலைச் சக்கையைப் பற்றியும் கேட்கிறார்கள். வடித்த சக்கையைச் சூடாகத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம், நல்ல நேரம் சூடு நிற்கும். மலையிலேயே பச்சைக் கொழுந்தை மென்று வைத்துக் கட்டுவது தவறு. இலையில் மருந்தடித்த மிச்சம் இருக்கும், வாயிலுள்ள கிருமியும் சேரும்.

எதைப் போடவே கூடாது?

சாணம், அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், எருக்கம்பால், பற்பசை. சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலிக் கிருமி இருக்கும், திறந்த புண்ணில் பட்டால் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். எருக்கம்பால் கையிலிருந்து கண்ணுக்குப் போனால் பார்வையைக் கெடுக்கும். தலைவலிக்குப் பூசும் பாமும் வேண்டாம். எரிச்சல் வலியை மறக்கச் செய்யும், கட்டியை ஆற்றாது.

பழுத்துவிட்டது, ஊசியால் குத்திச் சீழை எடுக்கலாமா? எலுமிச்சை முள்ளால் எடுப்பது வழக்கமாயிற்றே?

குத்தக்கூடாது, பிதுக்கவும் கூடாது. கட்டியைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. பிதுக்கினால் சீழில் பாதி வெளியே வரும், மீதி அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். மறுநாள் கட்டி பெரிதாகி, சுற்றிலும் வீங்கி, காய்ச்சலும் வருவது இதனால்தான். நெருப்பில் காட்டிய ஊசியானாலும் முள்ளானாலும் ஆழம் தெரியாமல் குத்துவது ஒன்றுதான்.

மூக்கு, மேலுதடு, அவற்றை ஒட்டிய கன்னப் பகுதியில் வரும் கட்டியை மறந்தும் தொடாதீர்கள். அந்த இடத்து இரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கத்தோடு நேர்த் தொடர்பு உண்டு. அங்கே கட்டி வந்து முகமோ கண்ணிமையோ வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தானாக உடைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

உடைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. சீழ் முழுதும் வடிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதுவரை ஒத்தடம் தொடர வேண்டும்.

கையைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு புண்ணைச் சுற்றிக் கழுவுங்கள். வடிவதைச் சுத்தமான கோஸ் துண்டால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பொவிடோன் அயடின் இருந்தால் சுற்றுத் தோலில் தடவலாம். ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் தினமும் ஊற்றினால் ஆறிவரும் தசையும் கருகும். மேலே கோஸ் வைத்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். நாளுக்கு இரண்டு தடவை மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். பொலித்தீன் சுற்றி மூடக்கூடாது. மழையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் போய்வந்த உடனே ஈரக் கட்டை மாற்றிவிட வேண்டும்.

எடுத்த கோஸை ஒரு பையில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள். பீலிக்கரையிலோ கானிலோ போடாதீர்கள். ஆணி பாதி வெளியே தெரிந்தாலும் இழுக்காதீர்கள், ஒத்தடத்தில் தானாக வந்துவிடும்.

வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் கெப்சூல் இருக்கிறது. பிரித்து அந்தத் தூளைப் புண்ணில் போடலாமா?

வேண்டாம். தூள் புண்ணின் மேல் கட்டியாகக் காய்ந்து, சீழ் வெளியேறும் வழியை அடைக்கும். ஒவ்வாமை வந்தால் அது வேறு ஆபத்து. விழுங்கினாலும் பலன் சந்தேகம். வீடுகளில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது அமொக்ஸிசிலின். கட்டியை உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்தை உடைத்தெறியும் திறன் கொண்டவை. வைத்தியர் கட்டிக்குத் தேர்ந்தெடுப்பது கிளொக்ஸசிலின் போன்ற வேறு மருந்து. சிறிய ஒற்றைக் கட்டிக்கு அதுவும் தேவைப்படாது.

வலி தாங்கவில்லை. என்ன குளிசை போடலாம்?

பரசிட்டமோல், அதாவது எல்லோரும் பனடோல் என்று சொல்வது. 500 மில்லிகிராம் குளிசையில், 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்கள் ஒரு வேளைக்கு இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று போட்டால் போதும். நம் பெண்களில் பலர் இந்த எடைக்குள்தான் வருவார்கள், ஆனாலும் இரண்டு போடுவதே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் கட்டி வந்தால்?

வீட்டு வைத்தியத்தை நம்பி நாட்களைக் கடத்தக்கூடாது. சீனி கூடிய இரத்தத்தில் உடம்பின் எதிர்ப்பு மந்தமாகிவிடும். பிடரியிலும் முதுகிலும் பல கண் வைத்து, தேன்கூடுபோல் பல இடத்தில் சீழ் வடியும் ராஜபிளவை பெரும்பாலும் இவர்களுக்கே வருகிறது. கட்டி கண்ட முதல் இரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள்.

காலில் மரத்த தன்மை உள்ளவர்களுக்குக் காலில் ஒத்தடமே கொடுக்கக்கூடாது. சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். கிளினிக் மருந்தைக் கட்டிக்காக நிறுத்தவும் கூடாது.

கட்டி அடிக்கடி வருகிறவர் இதுவரை சீனி பார்த்ததில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுவது மிக முக்கியம். இரவு சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல், காலையில் பிளேன்டீ கூடக் குடிக்காமல் எடுக்கும் இரத்தத்தில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவின் அளவு. இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதிப்படுத்துவார்கள். கட்டி வந்துதான் சீனி வருத்தம் இருப்பதே தெரியவந்தது என்பது அரிதான கதையல்ல.

கைப்பிள்ளைக்குக் கட்டி. ஒத்தடம் கொடுக்கலாமா?

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளை என்றால் ஒரு சின்னக் கட்டியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வளர்ந்த பிள்ளைக்கு இளஞ்சூட்டில் 5 முதல் 10 நிமிடம் கொடுக்கலாம். தலையில் கட்டிகள் வந்தால் பேனையும் பாருங்கள். பேன் இருக்கும்வரை சொறியும், சொறியும்வரை கட்டியும் வரும்.

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் சிவந்து, வீங்கி, காய்ச்சலோடு கட்டி வந்தால் அது வேறு. வீட்டில் பழுக்க வைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பாலை நிறுத்தினால் கட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும். தொடர்ந்து கொடுப்பதா, எப்படி என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கண்கட்டிக்கு?

சுத்தமான துணியில் இளஞ்சூட்டு ஒத்தடம், கண்ணை மூடியபடி 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. மோதிரத்தை உரசிச் சூடு வைப்பதும், தாய்ப்பால் விடுவதும், நாமக்கட்டி பூசுவதும் வேண்டாம். கண்ணுக்குள் எது போனாலும் கட்டியைவிடப் பெரிய வினை. பார்வை மங்கினாலோ இமை முழுதும் வீங்கி மூடினாலோ உடனே போக வேண்டும்.

பத்தியம் உண்டா? கருவாடு, அன்னாசி, கத்தரிக்காய் ஆகாது என்கிறார்களே.

கட்டிக்கென்று விலக்க வேண்டிய சாப்பாடு இல்லை. புண் ஆற புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை என்று சாப்பிடுங்கள். பத்தியம் என்று வெறும் சோறும் ரசமும் கொடுத்துப் பிள்ளையை மெலியவிடுவதுதான் தவறு. கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் நல்லதுதான், தண்ணீர் உள்ளே போகிறதே.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கிறோம். மற்றவர்களுக்குத் தொற்றுமா?

சீழ் பட்டால் தொற்றும். கட்டி உள்ளவருக்குத் துவாய், சவர்க்காரம், சீப்பு, பிளேடு தனியாக இருக்கட்டும். தலையணை உறையையும் உள்ளாடையையும் துவாயையும் அண்டாவில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்துத் துவையுங்கள். மழைநாளில் வெயிலில் காய வழியில்லாவிட்டால் அடுப்படிக் கொடியில் உலர்த்தி, முக்கால்வாசி காய்ந்ததும் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள். அந்த ஆவிச் சூடும் கிருமியைக் கொல்லும், மிச்ச ஈரமும் போகும்.

சீழ் வடியும் பிள்ளையைக் கட்டு மறைக்காமல் பிள்ளைமடுவத்துக்கு அனுப்பக்கூடாது. கையில் கட்டி உள்ளவர் அது ஆறும்வரை மற்றவர்களுக்குச் சமைக்காமல் இருப்பதும் நல்லது. இந்தக் கிருமி சோற்றில் கலந்தால் வாந்திபேதி வரும்.

ஆறின பிறகு மறுபடி மறுபடி வருகிறதே?

ஆறு மாதத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தால், கிருமி யாருடைய மூக்கிலோ தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். மூக்கினுள் தடவும் மருந்தும், குளிக்கக் கிருமிநாசினிச் சவர்க்காரமும் சில நாட்களுக்கு வைத்தியர் தருவார். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் செய்தால்தான் பலிக்கும். மூக்கை நோண்டிய கையோடு உடம்பைச் சொறிவதை நிறுத்துவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

சீனியோடு இரத்தச் சோகையையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்குளிலும் கவட்டிலும் மட்டுமே வந்து வந்து தழும்பாகி, தோலுக்கடியில் குழாய்போல் ஓடினால் அது சாதாரணக் கட்டியல்ல, தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். வேலைக்குப் போகும்போது படங்குக்கு அடியில் இடுப்பைச் சுற்றி உலர்ந்த பருத்தித் துணி ஒன்று கட்டிக்கொண்டால் உரசல் பாதி குறையும்.

கட்டி மாதிரி இருந்து கட்டியாக இல்லாதவை உண்டா?

உண்டு. காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புல்லிலும் புதரிலும் வேலை செய்கிறவர்கள் அக்குள், கவடு, காதுக்குப் பின்பக்கம் எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி மருந்து உண்டு, தாமதித்தால் ஆபத்து.

வலியே இல்லாமல், வாரக்கணக்கில் ஆறாமல், நடுவில் பள்ளம் விழும் பருபோல் இருந்தால் மணல் ஈயால் வரும் லீஷ்மேனியாவாக இருக்கலாம். அனுராதபுரம், பொலநறுவைப் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர்கள் அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது?

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால். கட்டியிலிருந்து சிவப்புக் கோடு ஓடினால். பேனாவால் போட்ட கோட்டைச் சிவப்பு தாண்டினால். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்தால். முகம், முதுகெலும்பு நடு, ஆசனவாய்ப் பக்கம், கைவிரல் நுனி ஆகிய இடங்களில் வந்தால். ஒரு வாரம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் இளகாவிட்டால், இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால். கர்ப்பிணிகள், சீனி வருத்தக்காரர், ஸ்டெரொயிட் குளிசை எடுப்பவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

நடுக்கல், மூச்சு வாங்குதல், தடுமாற்றமான பேச்சு, சிறுநீர் குறைதல் இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று எண்ணி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், வண்டி வரக்கூடிய சந்தி, அங்கே நிற்கப்போகிறவரின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் சொல்லுங்கள். மேல் டிவிஷனில் சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் இறங்கிப் போய் அழைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் மாலையில் காய்ச்சல் ஏறத் தொடங்கினாலே விடியட்டும் என்று படுக்காமல், கடைசி பஸ்ஸுக்கு முன் முடிவெடுங்கள்.

அங்கே போனால் அறுத்துவிடுவார்களா?

பழுத்திருந்தால் ஆம். மரக்கும் ஊசி போட்டு, சிறிய வெட்டில் சீழை வெளியேற்றுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், வலி உடனே குறையும். பெரிய குழி என்றால் உள்ளே கோஸ் திணித்து விடுவார்கள். அதை வீட்டில் நீங்களாக இழுத்து எடுக்காமல், சொன்ன நாளில் தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ மாற்றிக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

போகும்போது கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கும் குளிசைகள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்றால் அதன் பெயர் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கட்டியில் எதைப் பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுண்ணாம்பு பூசியது தெரிந்தால் அதற்கேற்ப முதலில் கழுவுவார்கள்.